வயர்புடுங்கி இசைவாணி

செல்லூரில் இசைவாணியின் பிரவுசிங் சென்டரைப் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘வயர்புடுங்கி கடை’ என்றால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். எட்டு கேபின்களின் வயர்களும் அவள் மேஜையிலிருக்கும் ஒரு பெட்டியில்தான் வந்து சேரும். நேரம் முடிந்தும் எழுந்திரிக்காதவனிடம் அவள் தொண்டையைச் செலவழிக்க மாட்டாள். வயரைப் பிடுங்கிவிடுவாள். “அக்கா, நெட்டு போச்சு!” என்று உள்ளேயிருந்து அலறல் வரும். “நீயும் போ” என்பாள்.

என் மகள் பிருந்தா பள்ளிக்கூட வேலையாக உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் பிடுங்கினாள். நான் போய்ச் சண்டை போட்டேன். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தி எனக்கு வாய் நீளம். அவளுக்கு என்னைவிட நீளம். அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் வயலில் களையெடுத்த குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துத் தனியாளாக வந்து கடை போட்டவள். “வசுந்தராக்கா, ரூல்னா ஒங்களுக்கும் ரூல்தான்” என்றாள். ஒரு மாதம் நான் அவள் முகத்தில் முழிக்கவில்லை.

2004இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் தறிக்கூடத்துக்குப் போன் வந்தது. “அக்கா, கடைக்கு வாங்க. சத்தம் போடாம வாங்க.”

சத்தம் போடுவதற்கென்றே போனேன். இசைவாணியின் மேஜைக்குப் பின்னால் பிருந்தா உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். போட வந்த சண்டையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கேபினில் அழுதுகொண்டிருந்தவளைக் கூட்டிவந்து விசாரித்ததை இசைவாணி காதோடு சொன்னாள். பிருந்தாவுக்கு இரண்டு மாதமாகச் சாட்டில் ஒரு சிநேகிதியாம். பெயர் வித்யாஸ்ரீ, கோயமுத்தூர், இவளைப் போலவே ஒன்பதாம் வகுப்பு. இவள் ஆசையாகத் தன் போட்டோவை அனுப்ப, அந்த முகத்தை ஏதோ அசிங்கமான படத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறது அது. நாலு மணிக்கு ஆற்றங்கரைக்குத் தனியாக வரவேண்டும், இல்லாவிட்டால் படம் அப்பா கைக்குப் போகும். அப்போது மணி மூன்று.

“பொம்பளப் பிள்ளையா இப்பிடிச் செய்யும்?” என்றேன்.

“பொம்பளப் பிள்ளையும் இல்ல, கோயமுத்தூரும் இல்ல.” அந்தச் சாட்டைத் திறந்து வைத்திருந்த தன் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். ‘அம்புட்டு அழகா இருக்க.’ கீழே, ‘நாலு மணிக்கு வாரேன்.’ “கோயமுத்தூர்க்காரி எதுக்குக்கா அம்புட்டுங்கிறா? வாரேங்கிறா? இது நம்மூருப் பய.”

எனக்குச் சுரீரென்றது. விடிந்தால் அடைந்தால் இந்தச் சொற்களைத்தான் கேட்கிறோம். அதனாலேயே பிருந்தாவுக்கு உறைக்கவில்லை. எனக்கும் உறைத்திருக்காது.

“இதையும் பாருங்க.” சற்று முன் வந்த வரி அது. ‘இன்னைக்கு ஏன் ரிப்பன் கட்டல?’

“இவ வந்ததப் பாத்துட்டுத்தான் எழுதுறான்க்கா. இங்கனதான் இருக்கான்.”

எட்டு கேபின்களில் ஆறில் ஆள் இருந்தது. எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். “பேச்ச விடாத கண்ணு. எதையாவது எழுதிக்கிட்டே இரு” என்று பிருந்தாவிடம் சொல்லிவிட்டு முதல் வயரைப் பிடுங்கினாள். “அக்கா, நெட்டு போச்சு!” ஆனால் பிருந்தாவின் திரையில் பதில் வந்துகொண்டிருந்தது. மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள். அங்கேயும் அலறல், இங்கேயும் பதில். ஏழாம் வயரைப் பிடுங்கியபோது பதில் நின்றது. மாட்டினாள், வந்தது. மறுபடி பிடுங்கினாள், நின்றது.

“கேட்டீங்களா? அம்புட்டுப் பேரும் கத்துனாங்க. இவென் மட்டும் வாயத் தொறக்கல.”

ஏழாம் கேபின்காரனை எட்டிப் பார்த்தேன். படிய வாரிய தலை, அயர்ன் செய்த சட்டை. முன்பொரு நாள் “உக்காருங்கக்கா” என்று எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவன், பாவி!

“சந்துல எறங்கிக் கத்துங்கக்கா, ஒங்க வாய்க்கு இன்னைக்கு ஒரு வேல வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, அவன் கேபினை மறித்துக்கொண்டு போய் நின்றாள். கத்தினேன். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பத்து ஆண்கள் ஓடிவந்தார்கள்.

“யாரும் கை வைக்காதீங்க, மெஷினத் தொடாதீங்க. எல்லாம் உள்ள இருக்கு, போலீஸ் பாக்கட்டும்” என்றாள். அவளைத் தாண்டி ஒரு ஈகூட வெளியே போகவில்லை. போலீஸ் வந்து பார்த்தபோது அவன் பையிலிருந்த சிடியில் இன்னும் நாலு பிள்ளைகளின் படங்கள் இருந்தன.

ஜீப் போனதும் எனக்கு அடக்கமுடியாத ஆத்திரம் வந்தது. இரண்டு மாதம் என் கண்ணெதிரே இருந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! பிருந்தாவை அறையக் கையை ஓங்கினேன்.

இசைவாணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வயரைப் பிடிக்கும் அதே பிடி.

“வேணாங்க்கா. அவென் தைரியமா இருந்ததே இந்தக் கைய நம்பித்தான்.”