‘கொஞ்சம் இருங்க’ நிறுத்தம்

என் அக்கா இருபத்தெட்டு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். இந்தப் பெரிய நகரத்தில் அவளுக்குத் தெரியாத நிறுத்தம் கிடையாது. ஆனால் இறங்கி நடந்து பார்த்த தெருக்களை எண்ணக் கைவிரல்களே அதிகம். ஓய்வு பெற்றதும் ஸ்கூட்டர் ஒன்று வாங்கி, காலில் சக்கரம் கட்டியவள் போலச் சுற்றினாள். அறுபத்திரண்டாவது வயதில் கண் டாக்டர் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் வருவது தெரியவில்லை, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா தனியாகக் குடியிருந்தது ஆறு வழிச் சாலையின் ஓரத்தில். பால் வாங்கக்கூட அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். ஒருநாள் ஒரு லாரி அவள் கையிலிருந்த பையை மட்டும் தட்டிக்கொண்டு போனது. செய்தி கேட்டதும் ஓடினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, ஏனென்றால் பயந்துபோயிருந்தேன்.

“போதும்க்கா. பெட்டியைக் கட்டு. என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு.”

“உன் வீடு பதினோராவது மாடி. கீழே இறங்கினா கார் நிறுத்துற இடம், அதைத் தாண்டினா ஹைவே. இருபத்தெட்டு வருஷம் ஒரு பஸ்ஸையே நான் நிறுத்தி நான் கிளப்பியிருக்கேன்டா. இப்ப ஒரு சீப்பு வாங்கணும்னா உன் கார் சாவியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

“வேற என்ன பண்ணப் போறே?”

“எல்லாமே நடந்து போற தூரத்துல இருக்கிற இடமாப் பாப்பேன். கடை, மருந்து, தபால் ஆபீஸ், நாலு தெரிஞ்ச முகம்.”

“இந்த ஊர்லயா? தலைகீழா நின்னாலும் கிடைக்காது.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. அடுத்த ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அக்காவைக் காரில் வைத்து ஊரைச் சுற்றியவன் நான்தான். புதுக் குடியிருப்பு ஒன்றில் நடைபாதை பளபளவென்று இருந்தது. “நடக்கிற ஆள் எங்கடா?” என்று கேட்டாள். பழைய கடைவீதியில் ஆட்கள் இருந்தார்கள், கால் வைக்கத்தான் இடமில்லை. ஒரு இடத்தில் எல்லாமே சரியாக இருந்தது. ஆனால் அரை மணி நேரம் நின்றும், எதிரெதிரே வந்த இருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. “இங்க நான் விழுந்தா தாண்டிப் போயிடுவாங்க” என்று காரில் ஏறிவிட்டாள்.

எட்டாவது ஞாயிறு, திரும்பி வரும் வழியில், எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றது நின்றபடி நகரவே இல்லை. நான் ஹாரனை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினேன். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற ஒருவர், சந்துப் பக்கம் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா திடீரென்று சிரித்தாள்.

“டேய், இது ‘கொஞ்சம் இருங்க’ ஸ்டாப்!”

“என்ன ஸ்டாப்?”

“நாங்க வச்ச பேருடா. இங்க எப்பவும் ஒருத்தர் படியில காலை வச்சுக்கிட்டு, ‘கொஞ்சம் இருங்க, தையல்காரம்மா வர்றாங்க, வீட்டைப் பூட்டிட்டு இருக்காங்க’ன்னு கத்துவாங்க. தினமும் ஒரு நிமிஷம் லேட். இதுக்காக மேலதிகாரி கிட்ட எத்தனை பாட்டு வாங்கியிருக்கேன்! இந்த ஜனங்களை நான் திட்டாத திட்டு இல்ல.”

சட்டென்று சிரிப்பு நின்றது. முன்னால் இருந்த பேருந்தையே பார்த்தாள்.

“மத்த ஸ்டாப்புல எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டுத்தான் ஏறுவாங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பஸ்ஸை நிறுத்தி நான் வேற எங்கயும் பாத்ததில்லடா. வண்டியை ஓரங்கட்டு.”

நிறுத்தத்துக்குப் பின்னால் கார் நுழைய முடியாத சந்துகள். அக்கா அடி எண்ணிக்கொண்டே நடந்தாள். மருந்துக்கடை தொண்ணூறு அடி, தபால் ஆபீஸ் இருநூறு, வாசகசாலை முந்நூறு. கடிகாரம் பழுதுபார்ப்பவர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருந்தது. அன்றே பேசி முடித்துவிட்டாள்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். “மூணு மாசம். ஒரே ஒரு தடவை ‘தம்பி, காரை எடுத்துட்டு வா’ன்னு போன் வந்தாலும் என் வீட்டுக்கு வந்துடணும்.”

“சரி” என்றாள். அக்கா சொன்ன சொல் தவறமாட்டாள் என்பதால் எனக்கு நம்பிக்கை இருந்தது. போன் எப்படியும் வரும்.

வரவில்லை. நானாகப் பார்க்கப் போனபோதெல்லாம் அலுத்துக்கொண்டாள். காலையில் இருமினால் மாலைக்குள் மூன்று பேர் விசாரிக்கிறார்களாம். சலவைக்காரர் இவளைக் கேட்காமலே திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போய்த் துவைத்துவிட்டாராம். “ஒரு ரகசியம் தங்க மாட்டேங்குதுடா” என்று சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்று மாதத்தின் கடைசி நாள், காலை ஒன்பது மணிக்குக் கண் பரிசோதனை. பேருந்தை விட்டால் அடுத்தது நாற்பது நிமிடம் கழித்துத்தான்; டாக்டர் காத்திருக்க மாட்டார். இன்றைக்கு அழைத்தே தீருவாள் என்று விடிந்ததிலிருந்து போனைப் பார்த்தபடி இருந்தேன். பொறுக்க முடியாமல் நானே கிளம்பிவிட்டேன். காரை நிறுத்த இடம் தேடி இருபது நிமிடம் அலைந்தேன். எங்கோ விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து போனால், கதவு பூட்டியிருந்தது.

கடிகாரக்காரர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. “பையைத் தைக்கக் கொடுத்திருந்தாங்க. வாங்கிட்டு ஸ்டாப்புக்குப் போயிடுவாங்க. நீங்கதானே அந்தக் கோபக்காரத் தம்பி?”

பதில் சொல்ல நேரமில்லை. நிறுத்தத்துக்கு ஓடினேன். பேருந்து வந்து நின்றிருந்தது, எல்லோரும் ஏறியாகிவிட்டது. அக்கா அப்போதுதான் சந்து முனையில் தெரிந்தாள். தைத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள். கண்டக்டர் பெண் விசிலை வாயில் வைத்தாள்.

என் கால் எப்போது படியில் ஏறியது என்று எனக்குத் தெரியாது.

“கொஞ்சம் இருங்க! எங்க அக்கா வர்றாங்க!”

எனக்கு முன்பே ஜன்னல்கள் வழியாக நாலைந்து குரல்கள் அதையே கத்திக்கொண்டிருந்தன. “மெதுவா வாங்கம்மா, பஸ் நிக்குது!” என்றார் சலவைக்காரர். பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். “கொஞ்சம் இருய்யா, குடியா முழுகிப் போச்சு?” என்று அவன்மீது பாய்ந்தேன். அவளை என் வீட்டுக்குக் கொண்டுபோக வந்தவன் நான். ஆனால் அந்த நிமிடம் அவள் அந்தப் பேருந்தைப் பிடிப்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அக்கா படியேறினாள். என்னைப் பார்த்தாள். “நான் போன் பண்ணலையேடா” என்றாள்.

“பண்ணல” என்றேன். ஒரு பந்தயத்தில் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கண்டக்டர் பெண் முணுமுணுத்தாள். “இந்த ஸ்டாப்புல மட்டும் தினமும் ஒரு நிமிஷம் போயிடுதும்மா.”

“போகும்மா. நல்லாத் திட்டு. நானும் திட்டினவதான். ரிட்டயர் ஆனதும் இங்கயே வந்துடு.”

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் கொஞ்சமும் குறையாத குரலில், டிரைவருக்குக் கேட்கும்படி கத்தினாள்.

“எல்லாரும் ஏறியாச்சு. ரைட், போலாம்!”