கண்ணில் ஒரு சொட்டு

மருதாசலத்துக்குக் கொரோனா புதுச் சரக்கல்ல. வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் இருபது வருஷமாகத் தடுப்பு மருந்து போடுகிறவர் அவர். கோழிக்குச் சளி கட்டி முட்டை ஓடு கோணிப்போகிற சீக்குக்கும் ஒரு கொரோனாக் கிருமிதான் காரணம் என்று பண்ணை டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இரண்டாம் அலையில் தெருவில் இரண்டு சாவு. பாடை தூக்க நாலு பேர் சேரவில்லை. அப்படியும் பள்ளிக்கூடத்துத் தடுப்பூசி முகாமுக்குப் போக ஊரே பயந்தது.

"ஊசியே கெடையாதப்பா. கண்ணுல ஒரு சொட்டு. கோழியே தலைய ஒதறிட்டு மேயப் போயிருது, நமக்கென்ன?" என்றார் மருதாசலம். அந்த வாக்கை நம்பி நாற்பது பேர் பின்னால் வந்தார்கள்.

முதல் ஆளாக உட்கார்ந்து, அண்ணாந்து, வலக்கண்ணை அகலத் திறந்தார்.

"என்னங்ண்ணா, மோட்டுவளையப் பாக்கறீங்க?" என்றாள் நர்ஸ் ஜெயப்பிரியா.

"கண்ணு ரெடிங்க அம்மணி. விடுங்க."

"கண்ணுலயா? சட்டைக் கைய ஏத்துங்ண்ணா!"

ஊசியைப் பார்த்ததும் மருதாசலம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மற்ற சீக்குகளுக்கு லட்சம் கோழிக்குக் குத்தியவர்தான்; தான் குத்திக்கொண்டதில்லை.

"எங்க கோழிக்கெல்லாம் கொரோனாவுக்குச் சொட்டுதானுங்களே..."

"கொரோனாங்கறது ஒத்தக் கிருமி இல்லீங்ண்ணா, பெரிய குடும்பம். கோழிக்கு வர்றது இதுக்குப் பங்காளி. ஊடும் வேற, மருந்தும் வேற."

"ஏப்பா, சொட்டுன்னு சொல்லிப்போட்டு ஊசியக் காட்டறயே!" என்று பின்னாலிருந்து கத்தினார் சின்னண்ணன். வரிசை கலையத் தொடங்கியது. தான் எழுந்தால் நாற்பது பேரும் ஊட்டுக்குத்தான். அந்த இரண்டு பாடையும் கண்ணில் நின்றன.

"மயிலா! வந்து புடி!"

பெண்கள் வரிசையிலிருந்து மனைவி மயிலம்மாள் ஓடிவந்தாள். பண்ணையில் அவர் சொல்லிக்கொடுத்த பிடிதான்: இரண்டு கையையும் பின்னால் மடக்கி, முழங்காலை முதுகில் அண்டக் கொடுத்தாள்.

"ரெக்கைய மடக்கிட்டனுங்க. குத்துங்க சாமி!"

மருதாசலம் ஒரு சத்தம் கொடுத்தார். அது 'அம்மா' என்று மயிலம்மாள் இன்றும் சொல்வாள். 'கொக்' என்று ஊர் சொல்லும். சிரித்த சிரிப்பில் கலைந்த வரிசை திரும்பக் கூடிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தபோது சின்னண்ணன் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா மயிலா, அந்த ரெக்கை மடக்கற வித்தைய எம்பட ஊட்டுக்காரிக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு!"