ஒரே நீலப் பட்டாம்பூச்சி

டச்சப்காரருக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். முப்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து அடுத்தவர் பருவையும் தொப்பையையும் அழித்தவருக்கு மனுஷ முகத்தின் மேல் என்ன மரியாதை மிஞ்சும்? ஸ்டுடியோவை மூடிய பிறகு, நூலகத்து மாடியில் கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்யச் சொல்லிக்கொடுக்க வந்தார். கத்தரி வேண்டாம், பசை வேண்டாம். படம், பூ, எழுத்து எல்லாவற்றையும் திரையிலேயே ஒட்டும் வேலை. ஆறு வாரம், எட்டுப் பேர். எட்டும் வடிகட்டின மண்டுகள் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்.

முடிவில் பெரிய தப்பும் இல்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சட்டத்துக்குள் சட்டம் போட்டுப் பேத்தியைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கியிருந்தார். மருந்துக்கடைக்காரர் மனைவி ஒரே பக்கத்தில் பதினொரு வகை எழுத்தை இறக்கியிருந்தாள். கண்றாவி, கண்றாவி என்று முனகிக்கொண்டே டச்சப்காரர் நாற்காலி நாற்காலியாக நடப்பார்.

அவருக்கு ஆகவே ஆகாதவள் தையல்காரம்மா. மகள் வேலைக்காக வெகுதூரம் போகிறாள், கிளம்புவதற்குள் அவளுடைய சின்ன வயசுப் படங்களை ஆல்பமாக்கிப் பென்டிரைவில் கொடுத்தாக வேண்டும், கொடுக்கத் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆறு வாரத்தில் அவள் பிடித்துக்கொண்டது லேயர் ஒன்றைத்தான். படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து அதில் பூவை ஒட்டுவது மாதிரி. வேண்டாமென்றால் தாளை எடுத்துவிடலாம், அடியில் இருக்கும் படம் அப்படியே இருக்கும். லேயர்களை ஒன்றாகச் சேர்த்துச் சேமித்துவிடாதீர்கள், அப்புறம் பிரிக்க முடியாது என்று அவர் தொண்டை வறளக் கத்தியிருந்தார். இத்தனையும் கேட்டுவிட்டு அவள் செய்தது, பக்கத்துக்குப் பக்கம் அதே நீலப் பட்டாம்பூச்சி! கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் பொம்மைப் படங்களிலிருந்து எடுத்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில்.

கடைசி வகுப்பில் அவள் பக்கங்களைப் பெரிய திரையில் போட்டார். எப்படிச் செய்யக்கூடாது என்று காட்ட இதைவிட வாகான சரக்கு கிடைக்காது என்று உள்ளுக்குள் ஒரே குஷி. குட்டி மகள் சைக்கிள் ஓட்டுகிறாள்; சைக்கிளைப் பிடித்திருக்கும் ஆளின் முகத்தில் பட்டாம்பூச்சி. மகள் ஒருவன் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கும் கழுத்துக்கு மேலே பட்டாம்பூச்சிதான்.

"ஏம்மா, துணி தைக்கிறவங்கதானே நீங்க? எதை எங்க வைக்கணும்னு ஒரு அளவு வேணாம்? ஆள் மூஞ்சி மேலயா கொண்டு வைப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. தையல்காரம்மா எழுந்து நின்று, எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் காதில் விழுந்தால்தானே! பட்டாம்பூச்சியை மௌஸால் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார்.

அடியில் மீசை வைத்த, சிரித்த முகம். அடுத்த பக்கத்திலும் இழுத்தார், அதே முகம். மூன்றாவதில் அவன் பக்கத்தில் தையல்காரம்மாவே நின்றிருந்தாள், இளவயதில். இடது கண்ணுக்குக் கீழே, பவுடரையும் மீறி ஒரு வீக்கம். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. இப்படி எத்தனை வீக்கங்களை, எத்தனை குடும்பப் படங்களில், ஒரு கேள்வி கேட்காமல் வழித்தெடுத்துக் கொடுத்தவர் அவர்! கூலியும் வாங்கியிருக்கிறார். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று முதல் தடவையாகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

திரையை அணைத்தார். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆளையே எடுத்துடறேம்மா. பின்னாடி சுவரை வெச்சு நிரப்பிட்டா யாருக்கும் தெரியாது."

"வேணாம் சார். அழிச்சுட்டா அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லைன்னு ஆயிடும். இருந்தான். அவ அப்பன்தான், அவளுக்கும் தெரியும். அந்த மூஞ்சி மட்டும் அவகூடப் போகக்கூடாது. சேர்த்துட்டா பிரிக்க முடியாதுன்னீங்களே, அதைப் பண்ணிக் கொடுங்க."

பட்டாம்பூச்சிகளைப் பழைய இடத்திலேயே வைத்து, இருபத்திரண்டு பக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பென்டிரைவில் ஏற்றினார். கடைசிப் பக்கத்தில் மட்டும் பழைய புத்தி விடவில்லை. இது ரொம்ப மட்டமான பொம்மை, வேறு நல்லதாக ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டார்.

"அந்த மூஞ்சிக்கு இதுவே அதிகம் சார்" என்றாள் தையல்காரம்மா.