எண்ணெய்க் கிணற்றடியில் காற்று வந்தது

ஆஞ்சநேயரைக் கும்பிடுகிற உங்களில் நானும் ஒருவன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன்.

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் பதினான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, பதினைந்து நிமிட வீடியோ காலில் அது முடிந்தது. கிரீன் கார்டு கைக்கு வந்திருந்ததால் நாட்டை விட்டுப் போகச் சொல்ல ஆளில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. எட்டு மாதம் விண்ணப்பம் போட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை.

சனிக்கிழமைதோறும் ஒரு நண்பர் வீட்டில் கூடி அனுமன் சாலீசா சொல்வது வழக்கம். போனால், "செந்தில், ஏதாவது க்ளிக் ஆச்சா?" என்று யாராவது கேட்பார்கள். அக்கறையோடுதான் கேட்டார்கள். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. போவதை நிறுத்தினேன். பிறகு வீட்டிலும் கும்பிடுவதை நிறுத்தினேன். என் மனைவி கவிதா விளக்கேற்றும்போது வேறு அறைக்குப் போய்விடுவேன். சாமி மேல் கோபம்கூட இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு லாரி ஷெட். அப்பாவும் லாரிதான் வைத்திருந்தார். காலேஜ் படிக்கும்போதே நான் வண்டி ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் மேற்கு டெக்ஸாஸில் எண்ணெய் வயல்களுக்கு டிரைவர் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் தள்ளிவிட முடியவில்லை. டெஸ்டிங்கில் வாங்கியதைவிடச் சம்பளம் அதிகம்.

"லாரி ஓட்டறதுக்காங்க இத்தன வருசம் படிச்சீங்க?" என்றாள் கவிதா. பிறகு, "சரி, போங்க. ஆனா பாப்பாவ அந்தப் பாலைவனத்துக்குக் கூட்டிட்டு வர மாட்டேன். டெக்ஸாஸ்லயே கேட்டிங்கற ஊர்ல எங்க சித்தி பொண்ணு இருக்கா. பக்கத்துல வீடு பாத்துக்கறோம். லீவுக்கு நீங்க வாங்க" என்றாள்.

மகள் நிலா பத்தாவது படிக்கிறாள். ஸ்கூலில் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் கேட்டபோது, "அப்பா லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கார்னு சொல்லு" என்றேன். எடிசன் நண்பர்களிடமும் அதையேதான் சொன்னேன்.

லைசென்ஸ் எடுத்து, மேற்கு டெக்ஸாஸில் ஒடேசா என்ற ஊருக்குப் போனேன். கேட்டியிலிருந்து எட்டு மணி நேர டிரைவ். கன்டெய்னர் மாதிரி வரிசையாக நிற்கும் அறைகளில் ஒன்று எனக்கு. இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் லீவு. கிணற்றில் எண்ணெயோடு சேர்ந்து உப்புத் தண்ணீரும் வரும். அதைத் தொட்டிகளில் பிடித்து வைத்திருப்பார்கள். டேங்கரில் ஏற்றிக்கொண்டு போய் வேறு இடத்தில் இறக்க வேண்டும். அதுதான் வேலை.

அங்கே என்னோடு பேசிய ஒரே ஆள் லூயிஸ். மெக்ஸிகோக்காரன், முப்பத்தொரு வயது, மனைவியும் கைக்குழந்தையும் எல் பாஸோவில். என் எலுமிச்சை ஊறுகாயைத் தன் டார்ட்டியா ரொட்டியில் தடவிச் சாப்பிடுவான். நான் ஏன் யாருக்கும் போட்டோ அனுப்புவதில்லை என்று ஒருநாள் கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். லூயிஸ் முன்னால் போய்விட்டான். பதினைந்து நிமிடம் கழித்து நான் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் டேங்கர் நின்றுகொண்டிருந்தது. அவன் தொட்டிகளுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் குப்புற விழுந்து கிடந்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தால் சில சமயம் விஷவாயு வெளியே வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையில் தங்கும். விழுந்தவனைத் தூக்க ஓடுகிறவனும் அவன் பக்கத்திலேயே விழுவான். டிரெய்னிங்கில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான், ஓடாதே.

நான் ஓடினேன். பாதி தூரத்தில் என் சட்டையில் மாட்டியிருந்த விஷவாயு அலாரம் கத்தியது. நின்றேன். பின்னால் வந்தேன். சத்தம் நின்றது. அவசர உதவி கேட்டு 911-க்கு அடித்தேன்.

எடுத்த பெண், "உள்ள போகாதீங்க. ஆக்ஸிஜன் மாஸ்க்கோட ஆள் வரும். முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். லைன்லயே இருங்க" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்.

முப்பத்தைந்து நிமிடம் அவனிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

காற்றின் திசை தெரிவதற்காக எல்லாக் கிணற்றடியிலும் கம்பத்தில் ஓர் ஆரஞ்சுத் துணிப்பை கட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் காற்று அடிக்காத நாளே கிடையாது. அன்று அந்தப் பை ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அலாரம் கத்தியது. "லூயிஸ், லூயிஸ்" என்று கூப்பிட்டேன். அசைவில்லை.

அப்போதுதான் கும்பிட்டேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. சாலீசாவின் முதல் வரி நினைவுக்கு வரவில்லை. மண்ணில் முட்டி போட்டு, "ஆஞ்சநேயா, வாயுபுத்திரா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். கொஞ்சம் காத்து குடு. அவன் பிள்ளைக்காரன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு ராம ராம என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

முதலில் பிடரியில் உணர்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் துணிப்பையின் வாய் விரிந்தது. மெல்ல எழுந்து, என்னிடமிருந்து லூயிஸ் பக்கமாக நீண்டு நின்றது. முன்னால் நடந்தேன். அலாரம் கத்திய இடத்தைத் தாண்டினேன். சத்தமில்லை. இன்னும் பத்தடி. சத்தமில்லை. அவன் ஜாக்கெட்டின் காலரைப் பிடித்து இழுத்தேன். எவ்வளவு கனம் என்று தெரியவில்லை. என் வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டபோது அவன் தொண்டையில் கரகரவென்று மூச்சு வந்தது.

நான் அழைத்ததிலிருந்து அவனை இழுத்து வந்தது வரை நாலு நிமிடம்கூட ஆகவில்லை என்று பிறகு சொன்னார்கள். மாஸ்க் இல்லாமல் போனதற்குப் பாதுகாப்பு அதிகாரி என்னைத் திட்டினார். அவர் திட்டியது நியாயம். என்னைப் பார்த்து வேறு யாரும் அப்படிப் போக வேண்டாம். "யூ காட் லக்கி" என்றார்.

நானும் என்ஜினியரிங் படித்தவன்தான். மத்தியானத்தில் காற்று நிற்கும், திரும்ப அடிக்கும் என்று எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். காற்று வராமல் இருந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேனா, நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சோதனையை ஆஞ்சநேயர் எனக்கு வைக்கவில்லை. லூயிஸுக்கு உயிர் கொடுத்ததற்கு ஒரு நன்றி என்றால், இதற்குத் தனியாக ஒரு நன்றி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். முகமெல்லாம் மண். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா அழுதாள். நிலா, "அப்பா, யூ புல்டு ஹிம் அவுட்? பை யுவர்செல்ஃப்?" என்று கேட்டாள்.

"தனியா இல்லடா" என்றேன்.

அடுத்த வாரம் அவள் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதினாள். 'மை டாட் டிரைவ்ஸ் எ ட்ரக்' என்று அதில் முதல் வரி. எடிசனில் சாலீசா நடத்தும் நண்பருக்கு நானே போன் செய்து என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன். அவர், "டேய், இத சொல்றதுக்கா இத்தன நாள்? சனிக்கிழமை லைன்ல வா" என்றார். இப்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனில் சேர்ந்துகொள்கிறேன்.

லூயிஸ் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். தலைவலி இன்னும் போகவில்லை. எல் பாஸோவிலேயே டெலிவரி வேலைக்கு மாறிவிட்டான். போன மாதம் குழந்தை நடக்கிற வீடியோ அனுப்பினான்.

ரொம்ப நாள் கும்பிடாமல் விட்டுவிட்டோமே, இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று தயங்குகிற ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நானும் வெறும் கையோடு, மந்திரத்தை மறந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கமாட்டார். கூப்பிடுங்கள்.