மலைப் பக்கம், பேட்டைப் பக்கம்

என் அக்கா புருஷனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற வழியில் ஒரு சாய மில்லில் பெரிய டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலை அவர் கையை விட்டுப் போனது என்னால்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கப்பலில் ஆறு வருஷம் எஞ்சின் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. எஞ்சினும் ஜெனரேட்டரும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க மில்லில் என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்க்கும் விதம் எளிதுதான். கிராங்க் ஷாஃப்ட்டின் வளைவில் எதிரெதிராக இருக்கும், கன்னங்கள் என்று நாங்கள் சொல்லும் இரண்டு தடித்த தகடுகளுக்கு நடுவே முள் வைத்த டயல் கேஜைச் செருகிவிட்டு, ஷாஃப்ட்டை மெல்லச் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் நேராகப் படுத்திருந்தால் முள் அசைவது தெரியாது. கோணியிருந்தால் ஒரு பக்கம் வரும்போது கன்னங்கள் விரியும், மறுபக்கம் வரும்போது நெருங்கும். வித்தியாசம் ஒரு முடி கனம்கூட இருக்காது. ஆனால் ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும்.

நான் முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பாவா தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தால் ‘மலைப் பக்கம்’, ‘பேட்டைப் பக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஷெட்டின் ஒரு ஜன்னலில் கோயில் மலை தெரியும், எதிர் ஜன்னலில் பேட்டை ரோடு.

“இன்னா பாவா இது? இடது, வலதுன்னு எழுதுங்க. நடுக்கடல்ல மலைக்கு எங்க போறது?”

ஃபிட்டர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார்.

என் தாளில் இடது, வலது என்றே எழுதினேன். அளந்தது எஞ்சின் முனையில் நின்று. ஜெனரேட்டரை நகர்த்த எதிர்முனைக்குப் போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் இடது வலதாகிவிடும் என்பது என் கப்பல் மூளைக்கு எட்டவில்லை.

“மச்சான், மலைப் பக்கமா தள்ளிகினு இருக்கியே. பேட்டைப் பக்கம் இல்ல போவணும்?”

“கப்பலையே பாத்தவன் நான். நீங்க உங்க வேலையப் பாருங்க பாவா.”

போல்ட்டுகளை முறுக்கியபின் இன்னொரு முறை அளந்தாக வேண்டும். அதையும் அவர் கேட்டார். எனக்கு அரக்கோணம் ரயிலைப் பிடிக்கிற அவசரம். அளக்காமலே அழகழகான எண்களாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதத்துக்குள் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் உருகி எஞ்சின் நின்றுபோனது. மேனேஜர் முன்னால் திறந்து, பேரிங் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்ததைப் பார்த்த உடனேயே என் தப்பு எனக்கு விளங்கிவிட்டது. “ஆயில் பிரஷரைக் கவனிக்காம ஓட்டியிருக்காங்க” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பாவா என்னைப் பார்த்தார். மறுநாளே அவரை மில் கேட்டுக்குக் காவலுக்குப் போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த நோட்டை என்னிடம் நீட்டினார்.

“உன்கிட்டயே இருக்கட்டும் மச்சான். இது வெளிய தெரிஞ்சா உனக்கு எவன் வேலை குடுப்பான்?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மாதம் அதே மில்லிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டையில் பாவாதான் கேட்டைத் திறந்துவிட்டார். இந்த முறை தாளின் தலைப்பிலேயே மலைப் பக்கம், பேட்டைப் பக்கம் என்று எழுதினேன். நகர்த்திய பிறகும் ஒழுங்காக அளந்தேன். மேனேஜர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்கே சார். எந்தப் பக்கம் நின்னாலும் குழப்பமே வராது. யார் யோசனை இது?”

நோட்டு என் பையிலேயே இருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்கப் போவதில்லை.

“என்னோடதுதான்” என்றேன்.

திரும்பும்போது பாவா கேட்டருகே என் வண்டியை நிறுத்தினார்.

“இந்த தபா ரெண்டாவது வாட்டி அளந்தியா மச்சான்?”

“ஆங், அளந்தேன் பாவா.”

“அது போதும்” என்று சொல்லி, எனக்காகக் கேட்டை அகலத் திறந்தார்.