முளைக்காத மணிலாப் பயிறு

திருவண்ணாமலையில் மணிலா என்றால் நிலக்கடலை, பயிறு என்றால் ஓடு உடைத்தெடுத்த அதன் பருப்பு. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்கள் பூகோளம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பலராமன் முதலாளியின் மணிலா மண்டியில் கணக்கு எழுதிய சக்கரவர்த்தி நான். ஜெயபால் நைனார் சரக்கைப் பார்த்துத் தரம் சொல்பவர். ஏற்றுமதிக்குப் போகும் மூட்டைகளில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

நைனார் ஜைனர், ஆரணிப் பக்கத்துக் கிராமம். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். விளக்கு வைத்த பிறகு நாங்கள் சூடான போண்டாவை அவர் மூக்குக்கு நேரே நீட்டி வம்பு பண்ணுவோம். சிரிப்பார், தொடமாட்டார். முளைக்கக்கூடிய விதையை விரத நாளில் பச்சையாக வாயில் போடமாட்டார். முளைக்கும் என்றால் உள்ளே உயிர் இருக்கிறது, சூட்டில் அது போன பிறகுதான் தின்னலாம் என்பது அவர் கணக்கு. பொய் சொல்வதில்லை என்பதும் ஒரு விரதம். அதை ஒரு மண்டியில் உட்கார்ந்துகொண்டு கடைப்பிடித்தார் பாருங்கள், அதுதான் கூத்து. புதுச் சரக்கா என்று யாராவது கேட்டால், "போன வருஷத்துதுங்க, புதுசு அடுத்த வாரம் வரும்" என்பார். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் நைனார் சொன்னால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கிப் போக ஆட்கள் இருந்ததால் அவரை விடவும் மாட்டார்.

தொண்ணூற்று மூன்றில் முதலாளிக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. வறுக்காத பச்சைப் பயிறு அனுப்ப அனுமதி வாங்க வேண்டும், அது கைக்கு வரவில்லை. வறுத்த பயிறு என்றால் அது தேவையில்லை என்றார் சுங்க வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் சென்னை ஏஜெண்ட். எங்கள் சரக்கு மழையில் ஈரம் பட்டிருந்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சூட்டு மணலில் ஒரு புரட்டுப் புரட்டி வைத்திருந்தோம்.

"இத வறுத்ததுன்னு போட்டுரலாமா நைனாரே?" என்று முதலாளி கேட்டார்.

நைனார் பல மூட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தார். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுகூட முளைவிடவில்லை. "உயிர் போயிடுச்சுங்க. வறுத்ததுதான்" என்று கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் நைனாரே சொன்ன பிறகு நான் யார் பேச?

சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். சுங்க அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஒரு பயிற்றைக் கடித்துப் பார்த்து, "பச்ச வாசன அடிக்குதே சார்" என்றார்.

"மொளைக்காதுங்க. ஈரத்துணியில முடிஞ்சு பாத்துட்டேன்" என்றார் நைனார்.

"மொளைக்குமா மொளைக்காதான்னு நான் கேக்கலைங்க. வறுபட்டு வெந்திருக்கான்னு கேக்கறேன்."

அதிகாரி பொறுமையாக விளக்கினார். சுங்க வரிப் புத்தகத்தில் பச்சையும் காய்ந்ததும் எண்ணெய் வித்துகள் அத்தியாயத்தில் வரும். வறுத்தது வேறு அத்தியாயம். கெடாமலிருக்கச் சூடு காட்டியது மட்டும் என்றால் அது பச்சைதான், உயிர் இருந்தாலும் போனாலும். நைனார் முகம் செத்துப்போனது. உயிர் போனால் வறுத்தது என்று அவர் நம்பியிருந்தார். அந்தப் புத்தகத்தில் உயிர் என்ற கேள்வியே இல்லை.

வெளியே வந்ததும் ஏஜெண்ட் வழி சொன்னார். தெரியாமல் நடந்தது என்றால் யார் சொன்னது, யார் புரட்டியது என்று விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை சரக்கு அங்கேயே கிடக்கும். கையெழுத்துப் போட்டவரே, தெரிந்துதான் தப்பாகப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அபராதத்தோடு முடித்துக்கொண்டு, பச்சை என்று திருத்தி, அனுமதி வந்ததும் ஏற்றிவிடலாம்.

"தெரியாம பண்ணேன்னு எழுதித் தரனே. அதான நெசம்" என்றார் நைனார்.

முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நைனாரே, அந்த இரும்புப் பொட்டில இருந்தா பூஞ்சை ஏறிடும். தீபம் வருது. பயிறு பொறுக்கன பொம்பளைங்க கூலிக்கு நிக்குறாங்க. நான் எங்கிருந்து குடுப்பேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனுமதி வாங்காமல் குறுக்கு வழி பார்த்தவர் அவர், எழுதிக் கொடுக்க வேண்டியவர் இவரா? "போடாதீங்க நைனார். அவரே வந்து நிக்கட்டும்" என்றேன்.

நைனார் என்னைப் பார்த்தார். "சரக்கு கெட்டா அந்தப் பொம்பளைங்க இன்னா பண்ணும் சக்கரவர்த்தி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் செஞ்சியில் பஸ் நின்றது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இட்லி வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

சரக்கு போனது. தீபத்துக்கு முன்னால் கூலியும் போய்ச் சேர்ந்தது. கூடவே, நைனார் அரசாங்கத்தை ஏமாற்றி மாட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார் என்ற செய்தியும் ஆரணிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கிராமத்துக் கோயிலில் பூஜைக்கு அவர் முறை வந்தபோது வேறொருவரைச் செய்யச் சொன்னார்கள். அவர் வெளி மண்டபத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். நான் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்று குதித்தேன்.

"கெளப்பாத. கஸ்டம்ஸ் காதுக்குப் போனா மறுபடியும் மொதல்லேர்ந்து விசாரிப்பாங்க. எழுதிக் குடுத்தது குடுத்ததுதான்" என்றார் நைனார்.

தை மாதம் ஒரு மத்தியானம் நைனாரின் மனைவி ராஜமதியம்மாள் மண்டிக்கு வந்தார். நைனார் செங்கம் போயிருந்தார். அது தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று பிறகு புரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க கூட இருந்தீங்க. அவரு தெரிஞ்சேதான் பொய்யா எழுதனாரா? நான் கேட்டப்ப, ஆமா, தெரிஞ்சேதான் செஞ்சேன்னு சொன்னாரு. அன்னைலேர்ந்து அவருகூட நான் சரியா மொகம் குடுத்துப் பேசல."

மனைவியிடமுமா அப்படிச் சொல்லியிருக்கிறார்! ஈரத்துணியிலிருந்து கையெழுத்து வரை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாவின் மனப்பாரம் இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல" என்றார். "இப்ப எங்கிட்ட சொன்னதுதான் பொய்யா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"நான் வந்ததை அவருகிட்ட சொல்லாதீங்க அண்ணா. எங்கிட்ட பொய் சொன்னது எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா அவரால தாங்க முடியாது. அவரா கேட்டாலும் நான் தெரியாதுன்னே சொல்லிடறேன்."