ஒரே பந்தியில் இருபது வாழை

மாட்டுக்குத் தீனி வைப்பவனை மாடாவது நக்கிக் கொடுக்கும்; பயிருக்குத் தீனி வைக்கச் சொல்லித் திரியும் விவசாய டெமான்ஸ்ட்ரேட்டரை ஊர் நாய்கூடச் சட்டை செய்யாது. உபதேசம் செய்து சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? திருவிதாங்கூர் சர்க்காரில் எனக்கு அப்போது தற்காலிக உத்தியோகம். குளச்சல் பக்கம் செல்லையா தோட்டத்தில் இருபது வாழைகள். ஒரு வரிசைக்குச் சாளை மீன் உரம், அடுத்த வரிசைக்கு ஒன்றும் கிடையாது. வித்தியாசத்தைப் பெரிய அதிகாரி கண்ணால் பார்த்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வாழையின் அடுக்களை

முதல் நாள் செல்லையாவுக்குப் பாடம் எடுத்தேன். வாழை வேரால் உறிஞ்சுகிறது, இலையில் வெயிலைக் கொண்டு சமைக்கிறது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ எலைதான் அதுக்கு அடுக்களையா சாரே? அடுத்தவன் அடுக்களைய அறுத்துல்லா இத்தன நாளும் சோறு தின்னிருக்கோம்!"

குறுக்கு வழி

கடற்கரையிலிருந்து ஒரு கூடை சாளை வாங்கி வந்து செல்லையா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, குழி தோண்ட ஆள் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கூடை காலி, வீட்டுக்குள் குழம்பு மணம். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. செல்லையாவின் மனைவி பொன்னம்மை அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள்.

"மீன வாழை தின்னும், வாழைப்பழத்த எம் பிள்ளைக தின்னும், அதுக்கு ஒரு வருசம் ஆவும். நான் நேராக் குடுத்திட்டேன் சாரே!"

மறுமுறை நன்றாக அழுகிய மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

பட்டினி வரிசை

அதிகாரி வந்த அன்று இரண்டு வரிசையும் ஒரே உயரம், ஒரே பச்சை. மற்ற ஊர்களைச் சுற்றிவிட்டு நானும் சில மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பக்கம் வந்திருந்தேன். "உரம் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்றா?" என்று அவர் நோட்டை எடுத்தார். செல்லையா தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"நாந்தான் அந்த வரிசைக்கும் சாளை வாங்கி வச்சேன். ஒரே பந்தியில இருத்திட்டு ஒருத்தனுக்கு வெளம்பி, அடுத்தவன் எலைய வெறுசா விட்டா, எனக்குச் சோறு எறங்குமா?"

அவர் அய்யா வழிக்காரர். அவர்கள் கும்பிடும் பதியில் சாதி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பந்திதான். அது எனக்கு முன்பே தெரியும், யோசிக்கத்தான் இல்லை. என் வேலை போயிற்று என்றே நின்றேன். செல்லையாவோ நிதானமாக வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்துத் தோட்டக்காரர் அதே நாளில் நட்ட அதே ரகக் கன்றுகள், எந்த உரமும் காணாமல் இடுப்பு உயரத்தில் வெளிறி நின்றன. அதிகாரி அவற்றைப் பார்த்தார், செல்லையாவைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"உமக்கு வேலை நிரந்தரம் ஓய்! ஆனால் அடுத்த முறை பட்டினி வரிசையை ஒரு இரக்கமில்லாதவன் தோட்டத்தில் வையும்!"

அந்த இரக்கமில்லாதவனைத்தான் ஓய்வு பெறும் நாள்வரை நாஞ்சில் நாடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.